டேலி ஆகாத வருடம்

கேள்வி:

எனக்கு 43 வயது. திருப்பூரில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவர் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். 2025 தை மாதம், கடன் வாங்கிக் கட்டிய சொந்த வீட்டில் பால் காய்ச்சினோம். அப்பா வந்து மூன்று நாள் தங்கினார். போகும்போது வீட்டுக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்துவிட்டுப் போனார். அது பிழைத்துவிட்டது. ஏப்ரலில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பிரஷர் மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தாராம். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். அவர் போன 21-ஆம் நாள் மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட். 600-க்கு 571. சந்தோஷத்தில் தெரு முழுக்க லட்டு கொடுத்தேன். அண்ணி, "அப்பா போய் ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள லட்டா?" என்று கேட்டார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அதிலிருந்து எப்போது சிரித்தாலும் எதையோ திருடியதுபோல் இருக்கிறது.

ஆஸ்பத்திரிச் செலவைப் பங்கு பிரித்ததில் அண்ணனோடு மனஸ்தாபம், பேச்சு நின்றுவிட்டது. ஆகஸ்டில் மகளைக் கோவையில் ஹாஸ்டலில் விட்டு வந்தோம். அந்த மாதக் கடைசியில் கணவர் கம்பெனியில் ஆர்டர் நின்றது. தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. அவர் அதிகம் பேசுவதில்லை, போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "வீடு குடிபோன நேரம் சரியில்லை" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எப்போதும் அசதி. டிசம்பரில் ஒரு நாள் பழைய நோட்டில் நடுவே கோடு போட்டு, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று இந்த வருடத்தை எழுதிப் பார்த்தேன். டேலி ஆகவில்லை, மூடிவிட்டேன். இது நல்ல வருடமா, கெட்ட வருடமா? பொங்கலுக்கு முந்தின நாள் அப்பா டிவிஎஸ் வண்டியில் இரண்டு கரும்பும் மஞ்சள் கொத்தும் கட்டிக்கொண்டு வருவார். இந்தப் பொங்கலை எப்படிக் கடப்பது?

(பெயர் வேண்டாம், திருப்பூர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது சாவு, கடன், சண்டை, சம்பளக் குறைவு என்று வரிசையாகக் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவைதான் அந்தக் கறிவேப்பிலைக் கன்றில் வந்து நின்றேன். "அது பிழைத்துவிட்டது" என்று எழுதிவிட்டு உடனே ஏப்ரலுக்குப் போய்விட்டீர்கள். அந்தக் கன்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த நோட்டைப் பற்றிப் பேசலாம்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். நூல் கடையில் சரக்குக் கணக்கு கிலோவில் இருக்கும், பணக் கணக்கு ரூபாயில் இருக்கும். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டு யாரும் கூட்டுவதில்லை. டிசம்பரில் நீங்கள் செய்தது அதைத்தான். ஒரு பக்கம் அப்பாவின் மரணம், மறுபக்கம் மகளின் 571. இதில் எதை எதிலிருந்து கழிப்பது? மகள் 600-க்கு 600 வாங்கியிருந்தாலும் அப்பா இல்லாத இடம் ஓர் அங்குலம்கூடக் குறைந்திருக்காது. அப்பா போனதால் அவள் மதிப்பெண்ணில் ஒன்றும் குறையவும் இல்லை. இரண்டும் தனித்தனியாக, முழுசாக அப்படியே இருக்கின்றன. எங்கோ ஒரு என்ட்ரியை விட்டுவிட்டோமோ என்று தேட வேண்டாம். நோட்டை மூடினீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள்.

அப்புறம் அந்த அசதி. உங்களுக்கு ஒரு பழைய பட்டியலைச் சொல்ல வேண்டும். 1967-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் நடக்கிற 43 சம்பவங்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அது நடந்த பிறகு ஒரு மனிதர் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதற்கான எண் அது. கணவனோ மனைவியோ இறந்தால் 100. நெருங்கிய உறவினர் இறந்தால் 63. வேலை போனால் 47. கல்யாணத்துக்கு எவ்வளவு தெரியுமா? 50. வேலை போவதைவிட அதிகம். பண்டிகையைக்கூட விடவில்லை, கிறிஸ்துமஸுக்கு 12 போட்டிருக்கிறார்கள். நல்லது நடந்தாலும் உடம்பும் மனசும் அதற்கு உழைத்தாக வேண்டும் என்பதுதான் அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம்.

உங்கள் வருடத்தை அதில் வைத்துப் பார்த்தேன். அப்பா 63, வீட்டுக் கடன் 31, வீடு மாறியது 20, மகள் வீட்டை விட்டுப் போனது 29, வருமானம் மாறியது 38. மொத்தம் 181. அண்ணனோடு வந்த மனஸ்தாபத்தை இதில் சேர்க்கவே இல்லை. 150-ஐத் தாண்டினாலே உடம்பு கெடுகிற வாய்ப்பு கூடுகிறது என்று அவர்கள் கணித்தார்கள். கூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு நானே கூட்டுகிறேனே என்று நினைக்காதீர்கள். இது உங்கள்மேல் ஏறிய பாரத்தின் கணக்கு. இதில் நல்லதும் கெட்டதும் ஒரே பக்கம் வரும். கரடுமுரடான அளவுகோல்தான், ஆளுக்கு ஆள் மாறும், இதை வைத்து யாருக்கும் நோய் சொல்ல முடியாது. ஆனால் தை மாதம் பால் காய்ச்சிய அன்று விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எத்தனை பேருக்கு இலை போட்டீர்கள், அதற்கு முந்தைய மாதங்களில் எத்தனை தடவை பேங்குக்கு நடந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் களைப்பு ஆறுவதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. இத்தனைக்கும் பிறகு அசதியாக இல்லாவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

இப்போது லட்டு. இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் உங்களை எட்டு மாதமாக அரிப்பது அப்பாவின் சாவைவிட இந்த லட்டுதான் என்று எனக்குப் படுகிறது.

துக்கம் என்றால் ஒருவர் மாதக்கணக்கில் இடைவிடாமல் துக்கமாகவே இருக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக அது குறைந்து ஒரு நாள் தீர வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். நடப்பது அப்படி இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரூபே, ஹெங்க் ஸ்ஹட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். பிரியமானவரை இழந்தவர் மனசு ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் போய் வருகிறது. ஒரு நேரம் இழப்பின் பக்கம்: அழுகை, ஞாபகம், ஏக்கம். இன்னொரு நேரம் வாழ்க்கையின் பக்கம்: கேஸ் புக் செய்வது, பிள்ளையின் அட்மிஷன், ஒரு சிரிப்பு. இந்தப் போக்குவரத்து துக்கத்தில் ஏற்பட்ட கோளாறு கிடையாது. துக்கம் நடக்கிற முறையே இதுதான். ஒரே பக்கம் நின்றுவிட்டால்தான் சிக்கல். எந்நேரமும் அழுதபடி இருந்தாலும் சரி, ஒரு சொட்டுக்கூட அழாமல் வேலையிலேயே மூழ்கிவிட்டாலும் சரி.

மே மாதம் அந்தக் காலையில் நீங்கள் லட்டு கொடுத்தீர்கள், இரவில் சாப்பிடாமல் படுத்தீர்கள். ஒரே நாளில் ஊஞ்சல் இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறது. 21 நாளுக்கு முன் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பெண், மகளுக்காகத் தெருவில் இறங்கி இனிப்புக் கொடுத்தாள் என்று யாராவது என்னிடம் சொன்னால், அவள் அப்பாவை மறந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றாது. மகளின் நாளை மகளுக்கே விட்டுக்கொடுத்தாள் என்றுதான் தோன்றும். 571 வாங்கிய பிள்ளைக்கு, தாத்தா செத்துப்போனதால் என் ரிசல்ட்டை வீட்டில் யாரும் கொண்டாடவில்லை என்ற ஞாபகம் ஆயுசுக்கும் இருந்திருக்கும். அது இல்லாமல் போனது உங்களால்.

உங்கள் அண்ணியைப் பற்றி ஒரே வார்த்தை. மாமனாரைப் பறிகொடுத்த வீட்டில் இருந்துதான் அவரும் பேசினார். அந்த 21-ஆம் நாள் அவர் ஊஞ்சல் எந்தப் பக்கம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் சொன்னது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அதைத் தீர்ப்பாக எடுத்து இத்தனை மாதம் சுமக்க வேண்டியதில்லை.

வீட்டு ராசி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பக்கவாதத்துக்கு மிகப் பெரிய காரணம் கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம். அப்பா மாத்திரையை நிறுத்தியிருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். (நான் கவனித்திருக்க வேண்டாமா என்று அடுத்த குற்றச்சாட்டைத் தயவுசெய்து தொடங்காதீர்கள். தலைசுற்றல் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்லி மாத்திரையை நிறுத்துகிற பெரியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பிள்ளைகளிடம் சொல்வதும் இல்லை.) கணவரின் வேலைக்கு வந்த அடி, ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதமாக்கியதோடு வந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் திருப்பூரில் எத்தனையோ வீடுகளில் வாரச் சம்பளம் குறைந்தது. வாடகை வீட்டிலும் குறைந்தது, பாட்டன் காலத்து வீட்டிலும் குறைந்தது. உங்கள் வாசக்கால் எந்தத் திசை பார்த்திருந்தாலும் அந்த வரி வந்திருக்கும். வாஸ்து பார்க்க வைத்திருக்கிற பணத்தை வீட்டுக் கடன் தவணைக்குக் கட்டுங்கள்.

ஆனால் நீங்கள் ராசியை நம்புவதற்கு உள்ளே இன்னொரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வருடத்தை நினைத்தாலே ஆஸ்பத்திரியின் கடைசி இரவும் இந்த டிசம்பரும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. மனித ஞாபகத்தின் பழக்கம் அது. 2002-இல் பொருளாதார நோபல் பெற்ற டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கையை 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 வினாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு தடவை அடுத்த கையை அதே குளிரில் 60 வினாடி வைத்துவிட்டு, கூடவே இன்னும் 30 வினாடி வைத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் கூடுதல் நேரத்தில் மட்டும் நீரை மெல்ல 15 டிகிரிக்குச் சூடாக்கினார்கள். எதை மறுபடி செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் நீளமானதையே கேட்டு வாங்கினார்கள். மொத்தமாக அதிக வலி அதில்தான். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது, மனசில் அதுதான் தங்கியது. உச்சத்தில் எப்படி இருந்தது, முடியும்போது எப்படி இருந்தது, இந்த இரண்டைத்தான் ஞாபகம் பெரும்பாலும் எடுத்து வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நாள் என்பதை அது அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

அதனால்தான் 43 வருடம் அப்பாவாக இருந்தவர், மூக்கில் குழாயோடு பதினோரு நாள் படுத்திருந்தவராகவே கண்ணில் நிற்கிறார். அதனால்தான் 12 மாத வருடம் ஒரு டிசம்பராகச் சுருங்கிவிட்டது. ஞாபகத்தை மட்டும் நம்பி வருடத்தைத் திரும்பிப் பார்த்தால் இப்படித்தான் ஆகும். வேறு சாட்சி வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மா 2009-இல் இறந்தார். தம்பி வெளிநாட்டில் இருந்தான், வந்து சேர முடியவில்லை. அந்த நாட்களைப் பற்றிப் பல வருடம் எனக்கு ஒரே ஞாபகம்தான் இருந்தது: எல்லாவற்றுக்கும் தனியாக நின்றேன் என்பது. பிறகு ஒரு தடவை பரணைச் சுத்தம் செய்தபோது பழைய மாதக் காலண்டர்கள் ஒரு கட்டு கிடைத்தன. அப்பா எதையும் தூக்கிப் போடாதவர். அம்மா இறந்த வருடத்துக் காலண்டரில் அந்த மாதத் தாளை எடுத்தேன். எங்கள் வீட்டில் தேதிக் கட்டத்துக்குள் பால் கணக்கு எழுதுவது வழக்கம். முதல் தேதியிலிருந்து அம்மாவின் கையெழுத்தில் 1, 1, 1 என்று லிட்டர் கணக்கு இருந்தது. ஒரு தேதியில் அது நின்றுவிட்டது. அடுத்த கட்டத்திலிருந்து வேறு கையெழுத்து, கொஞ்சம் சாய்ந்த எழுத்து. 6, 6, 5, 6, 4. பக்கத்து வீட்டு அக்கா எழுதியது. சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று, வந்தவர்களுக்கெல்லாம் அவர் வீட்டில் டீ போட்டுக் கொண்டுவந்திருக்கிறார், பால்காரருக்கு ஏமாற்றம் வரக் கூடாது என்று எங்கள் காலண்டரில் கணக்கும் எழுதியிருக்கிறார். ஒரு லிட்டர் பாலில் பத்து டீ என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு அறுபது பேர்.

பரணுக்குக் கீழே ஏணியில் உட்கார்ந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக நின்றேன் என்ற என் ஞாபகம் பொய்யில்லை, எனக்கு அப்படித்தான் இருந்தது. அறுபது பேர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நிஜம். அம்மாவின் கையெழுத்து நின்ற கட்டமும் அந்தச் சாய்ந்த 6-ம் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றை ஒன்று அடிக்கவில்லை.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் சமையலறையிலும் ஒரு மாதக் காலண்டர் தொங்கும், நகைக் கடையோ மருந்துக் கடையோ கொடுத்தது. பொங்கலுக்கு முன் ஒரு சாயங்காலம் அதை ஆணியிலிருந்து கழற்றிக் கணவரோடு உட்காருங்கள். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். சிலிண்டர் வந்த தேதி, பால், தவணை நாள், மகள் ஊருக்கு வந்த நாள் என்று எது எழுதியிருக்கிறதோ அதை வாய்விட்டுப் படியுங்கள். போனில் அந்த மாதப் போட்டோக்களையும் பாருங்கள். ஒரு மாதத்துக்கு ஐந்து நிமிடம் போதும், ஏப்ரலுக்கு மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். மறந்துபோயிருந்த ஒரு விஷயத்தை மாதத்துக்கு ஒன்று, ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் கோடு போடாதீர்கள்.

கணவரை உட்கார வைப்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தில் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஏப்ரலில் அந்தப் பதினோரு நாளும் ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு அவர் எங்கே இருந்தார்? ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் படுத்தது? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். வேலை குறைந்த ஆணிடம் வேலையைப் பற்றி மட்டுமே எல்லோரும் கேட்பார்கள். இந்த வருடத்தில் அவர் செய்த வேறு காரியங்களையும் ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியட்டும்.

பொங்கலுக்கு வருகிறேன். ஒரு வருடம் பண்டிகை இல்லை என்ற வழக்கத்தை நான் குறைவாகப் பேசமாட்டேன். துக்கத்தில் இருப்பவரை, வண்ணக் கோலம் போடு, புதுத் துணி கட்டு என்று ஊர் வற்புறுத்தாமல் காக்கிற ஏற்பாடு அது. ஆனால் பல குடும்பங்களில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தீட்டு நாட்கள் குறைவு. ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் மாறும். உங்கள் மாமியார் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அதன்படி செய்யுங்கள். பொங்கல் வைக்காவிட்டாலும் மகள் ஹாஸ்டலிலிருந்து பசியோடு வருவாள், அவளுக்குப் பிடித்ததைச் சமைப்பதை எந்த வழக்கமும் தடுக்காது. முந்தின நாள்தான் கடினமாக இருக்கும், வண்டிச் சத்தம் கேட்காத அந்த நாள். அன்று கடையில் லீவு கிடைத்தால் எடுத்துவிடுங்கள். சும்மா உட்காராதீர்கள், கூட ஒருவர் இருக்கட்டும்.

அண்ணனிடம் முதலில் பணத்தைப் பேச வேண்டாம். அப்பாவின் அந்த டிவிஎஸ் வண்டி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அவருக்கும் இது அப்பா இல்லாத முதல் பொங்கல். ஆஸ்பத்திரிச் செலவை இன்னொரு மாதத்தில், பில்களைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் மனிதர் ஒருவரோடு உட்கார்ந்து பேசலாம்.

ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருந்ததால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். இந்த வாரமே பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், அசதிக்காக ரத்தசோகை, தைராய்டு சோதனையும் செய்யச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மனசின்மேல் போட்டுவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே பிடிக்காமல் போனாலோ, வேலையில் கை ஓடாவிட்டாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் உங்களுக்கோ கணவருக்கோ வந்தாலோ, தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வருடம் திரும்பிய பிறகும் துக்கம் இன்றைக்கு இருக்கிற அதே கூர்மையோடு தினமும் இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

அந்தக் கறிவேப்பிலைக் கன்று. மூன்று நாள் தங்கிய மனிதர், மகளின் புது வீட்டில் பின்பக்கம் இடம் பார்த்து, குழி தோண்டி வைத்துவிட்டுப் போனது. ஏப்ரல் வெயிலில், நீங்கள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தபோது அதற்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று வீட்டில் கேளுங்கள். ராசியில்லாத வீடு என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அவர்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டுபோய் அதைக் காட்டுங்கள்.

காலண்டரில் மே மாதத் தாளுக்கு வரும்போது லட்டு வாங்கிய கணக்கு எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு எழுதுகிற கை, எழுதாமல் விட்டிருக்காது. எத்தனை கிலோ என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.